வாஷிங்டன்: ஊர் முதலா, ஆள் முதலா?

அமெரிக்கத் தலைநகரின் பெயர் ஓர் ஆளிடமிருந்து வந்ததா, அந்த ஆளின் குடும்பப் பெயரே ஓர் ஊரிலிருந்து வந்ததா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் உண்மையே.

இங்கிலாந்தின் வடகிழக்கில், சண்டர்லாந்துக்கு அருகே, வாஷிங்டன் என்றோர் ஊர் இன்றும் இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் அங்கே நிலவுரிமை பெற்ற வில்லியம் டி ஹெர்ட்பர்ன் என்பவர், தம் பெயரோடு இருந்த பழைய ஊர்ப்பெயரை விட்டுவிட்டு, அக்கால நிலவுடைமையாளர் வழக்கப்படி புதிய ஊரின் பெயரைச் சூடிக்கொண்டார். வழித்தோன்றல்களில் ஒரு கிளையினர் பின்னாளில் நார்த்தாம்ப்டன்ஷயரில் உள்ள சல்கிரேவில் வாழ்ந்தபோதும் அப்பெயரைக் கைவிடவில்லை. அக்கிளையில் வந்த ஜான் வாஷிங்டன் 1650களில் வர்ஜீனியாவில் குடியேறினார். அவருடைய கொள்ளுப்பேரனே ஜார்ஜ் வாஷிங்டன். 1791இல் தலைநகருக்கும், 1853இல் பின்னர் மாநிலமான பசிபிக் கரைப் பகுதிக்கும் அவர் பெயர் இடப்பட்டது.

இதில் என்னை மிகவும் ஈர்ப்பது அந்த ஆங்கிலேய ஊரின் பெயர்தான். பழைய ஆங்கிலத்தில் ‘டூன்’ என்பது பண்ணையை அல்லது குடியிருப்பைக் குறிக்கும்; ‘இங்’ என்பது ஒருவரைச் சார்ந்தது என்னும் பொருள் தரும். ஆகவே அவ்வூர், ஆங்கிலோ-சாக்சன் காலத்தில் வாழ்ந்த வாஸ்ஸா என்பது போன்ற பெயருடைய ஒருவரின் குடியிருப்பு என்றே பெரும்பாலோர் விளக்குகின்றனர்.