ஸ்கேனில் ஒன்றுமில்லை, அப்புறம் ஏன் கண் கூசுகிறது?

கேள்வி: என் மகன் ஐந்து வருடமாகக் குத்துச்சண்டை பழகுகிறான். மூன்று முறை அடிபட்டு மயங்கியிருக்கிறான். ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றார்கள். ஆனால் போன வாரம் அடிபட்டதிலிருந்து கண் கூசுகிறது என்று விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தே கிடக்கிறான். பிற்காலத்தில் ஏதாவது வருமா?

பதில்: ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றால் ரத்தக்கசிவோ எலும்பு முறிவோ இல்லை என்றுதான் அர்த்தம், மூளை அதிர்ச்சி அதில் பெரும்பாலும் தெரியாது. அடி விழும்போது மண்டைக்குள் மூளை குலுங்கித் திருகி, நரம்பு இழைகள் இழுபடுகின்றன. இது வருடக்கணக்கில் திரும்பத் திரும்ப நடந்தால், சிலருக்கு டௌ என்ற புரதம் மூளை மடிப்புகளின் ஆழத்தில், சின்ன ரத்தக்குழாய்களைச் சுற்றிப் படிகிறது. மறதி, திடீர்க் கோபம், மனச்சோர்வு எல்லாம் பல வருடம் கழித்துத் தலைகாட்டலாம். இந்த மூளை நோயை சி.டி.இ. (CTE) என்பார்கள். 1928-லேயே மார்ட்லாண்ட் என்ற அமெரிக்க மருத்துவர் குத்துச்சண்டை வீரர்களிடம் இதைக் கவனித்து எழுதினார். இறந்த பிறகு மூளையைச் சோதித்தால்தான் உறுதியாகச் சொல்ல முடிகிற நோய் இது. எல்லோருக்கும் வராது, பயந்துவிடாதீர்கள். ஆனால் மயக்கம் வராத சின்னச் சின்ன அடிகளும் கணக்கில் சேரும். உடனே நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். வாந்தி, வலிப்பு, குழப்பம் இருந்தால் நேராக அவசரப் பிரிவுக்கு. என்னைக் கேட்டால், மூன்று முறை மயங்கிய பிள்ளையை இனி தலையில் குத்து வாங்க விடவே கூடாது.