கயிறு

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். போன ஞாயிறு நண்பர்கள் ஐந்து பேர், இரண்டு நாய்களோடு அய்யூர் பக்கம் மலைமேல் இருக்கும் ஓர் ஏரிக்கு நடந்து போய் வந்தோம். ஒன்று என் லேப்ரடார். இன்னொன்று நண்பன் தெருவிலிருந்து எடுத்து வளர்க்கும் நாட்டுநாய். மரங்கள் தொடங்கியதும் கயிற்றை அவிழ்த்துவிட்டோம். அவை அவ்வளவு சந்தோஷமாக ஓடி நான் பார்த்ததில்லை. நாட்டுநாய் எதையோ துரத்திக்கொண்டு போய் முக்கால் மணி நேரம் கழித்துத்தான் வந்தது. ஏரியில் இரண்டும் நீந்தின. கரையெல்லாம் உடைந்த பாட்டில்கள், மனசு நொந்துவிட்டது. கரைக்கல் திப்பு காலத்தது என்கிறார்களே, உண்மையா? அன்று பார்த்ததை எழுத உட்கார்ந்தால் நாலு வரிக்கு மேல் நகரவில்லை. ஒரு பயணத்தை எப்படி எழுதுவது?

ம., ஓசூர்

*

அன்புள்ள ம.,

ஏரியின் பெயரை உங்கள் கடிதத்திலிருந்து நான்தான் எடுத்துவிட்டேன். இதைப் படித்துவிட்டு அடுத்த ஞாயிறு இன்னும் பத்து நாய்கள் அங்கே ஏற வேண்டாம்.

பாட்டில்களுக்கு நீங்கள் நொந்தது நியாயம். அடுத்த முறை ஒரு சாக்குப்பை கொண்டுபோங்கள். நம் பக்கத்தில் பழைய கல் எதைக் கண்டாலும் திப்பு கட்டியது என்பார்கள். எழுத்து ஏதாவது இருந்தால் படம் எடுத்து அனுப்புங்கள், பார்க்கலாம்.

என்னை நிறுத்தியது அந்த முக்கால் மணி நேரம். அதை எப்படி அவ்வளவு சாதாரணமாக ஒரே வரியில் எழுதினீர்கள்?

நீங்கள் போனது பூங்கா அல்ல. காவேரி வடக்கு வனவுயிர் சரணாலயம் என்று 2014-இல் அறிவித்தார்களே, அந்தக் காடுகளைச் சேர்ந்த மலைகள். யானை நடக்கும் இடம், சிறுத்தை இருக்கும் இடம். யானையைக் கண்டால் குரைக்காமல் இருக்க உங்கள் நாய்க்குத் தெரியாது. யானை திரும்பித் துரத்தினால் அது எங்கே ஓடும்? உங்களிடம்தான் ஓடிவரும், பின்னால் யானையையும் கூட்டிக்கொண்டு. சிறுத்தைக்கோ நாய் எளிதான இரை. மலையோர ஊர்களில் ராத்திரி நாயை வாசலில் கட்டிவைக்க ஏன் பயப்படுகிறார்கள் என்று அங்கே யாரையாவது கேட்டிருக்கலாம்.

சந்தோஷமாக ஓடின என்கிறீர்கள். அது எதைத் துரத்தியது? முயலா, மான்குட்டியா, குஞ்சுகளோடு போன மயிலா? துரத்தப்பட்டதன் பக்கத்திலிருந்து அந்த முக்கால் மணி நேரத்தை ஒருமுறை யோசித்தீர்களா? இன்னொன்றும் இருக்கிறது. 2018-இல் கிர் காட்டில் சில வாரங்களுக்குள் இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்கள் செத்தன. செத்தவற்றில் சிலவற்றுக்கு டிஸ்டம்பர் என்ற நாய்க் காய்ச்சல் இருந்தது தெரியவந்தது. செந்நாய்க்கும் நரிக்கும் அந்த நோய் வரும். அவற்றுக்கு ஊசி போட யாரும் இல்லை. உங்கள் லேப்ரடாருக்குப் போட்டிருப்பீர்கள். நண்பரின் நாய்க்கு? அது நீந்திய தண்ணீரைத்தான் ராத்திரி மற்றவை குடிக்கும்.

கோபமாக எழுதுகிறேன் என்று தெரிகிறது. காரணம் உண்டு. இரண்டு வாரமாக நான் ஒரு நாயைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். செங்கம் பக்கத்தில் எடத்தனூர் என்று ஓர் ஊர், ஊத்தங்கரையிலிருந்து தூரமில்லை. அங்கே கிடைத்த நடுகல், மகேந்திரவர்ம பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. எருமைகளுக்காக நடந்த சண்டையில் செத்த கருந்தேவக்கத்தி என்பவனுக்கு எடுத்த கல். அவனோடு அவன் நாயையும் செதுக்கி, பெயரையும் வெட்டியிருக்கிறார்கள்: கோவிவன். இரண்டு கள்ளரைக் கடித்து அது ‘காத்திருந்தவாறு’ என்று கல்வெட்டு முடிகிறது. காவல் இருந்தது என்றுதான் பொருள். எனக்கு மட்டும் ஒவ்வொரு முறையும் மற்ற அர்த்தமும் கேட்கிறது.

பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த சித்திரையில் நாங்கள் நாலு பேர் ராயக்கோட்டை துர்க்கத்தில் ஏறினோம். தூக்குவாளியில் புளிச்சோறு. கூடவே எங்கள் வீட்டுக் கருப்பன். மேலே சுனையில் குளித்தோம், கத்தினோம், உச்சிவெயில் முழுக்கப் பாறையில் ஆடினோம். எங்கள் காலில் செருப்பு இருந்தது. கருப்பன் நிழல் பார்த்து நிழல் தாவிக்கொண்டிருந்தான். அதையும் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தோம். நாய்க்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வேர்க்காது, நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டை இறக்க வேண்டும் என்பதெல்லாம் அப்போது யாருக்குத் தெரியும்? சாயங்காலம் இடி இடித்தது. அரக்கப்பரக்க இறங்கினோம். ஊர் எல்லைக்கு வந்த பிறகுதான் கருப்பன் இல்லை என்று தெரிந்தது. “நாய்தானே, தானா வந்துடும்டா” என்றான் ஒருவன். அதையே நான் வீட்டில் அம்மாவிடமும் சொன்னேன்.

ராத்திரி முழுக்க மழை. அம்மா கதவைத் திறந்துவைத்துத் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தாள். என்னோடு பேசவில்லை.

விடிந்ததும் தனியாக ஏறினேன். சுனைக்கரையில் நான் மறந்துவிட்டு வந்த துண்டின்மேல் படுத்திருந்தான். உள்ளங்கால் நான்கிலும் தோல் உரிந்து சிவந்திருந்தது. நடக்க முடியாமல் தங்கினானா, துண்டுக்குக் காவல் இருந்தானா, நான் வருவேன் என்று இருந்தானா? என்னைப் பார்த்துக் குரைக்கவில்லை. வாலை மட்டும் இரண்டு தரம் ஈரத்துண்டில் அடித்தான். ஆட்டுக்குட்டியைப்போலத் தோளில் போட்டு இறக்கினேன். வழியெல்லாம் என் காதை நக்கிக்கொண்டே வந்தான்.

மலைக்குப் போகலாம் என்று உங்கள் நாய் சொல்லவில்லை, ம. நீங்கள் கிளம்பினீர்கள், அது நம்பி வந்தது. நாய்களோடு நடக்க ஆசை என்றால் கெலவரப்பள்ளி அணைப் பக்கம் விடிகாலையில் போங்கள், கயிறு கையில் இருக்கட்டும். காட்டுக்குப் போகும் அன்று அவை வீட்டில் இருக்கட்டும்.

எழுதுவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். அந்த நாலு வரியை அனுப்புங்கள். ஆனால் நாட்டுநாய் திரும்பி வந்த இடத்தில் தொடங்குங்கள்: எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, வாயில் என்ன இருந்தது, அதுவரை உங்கள் நண்பர் என்ன செய்துகொண்டிருந்தார்.

அதற்கு முன், இன்று சாயங்காலமே இரண்டின் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் காதுமடலையும் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். உண்ணி ஏறியிருக்கும்.