கழற்றிய சீட்டு யாருடையது?

கேள்வி: கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறேன். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் தலவாக்கலைக்குப் பக்கத்தில் தோட்டத்தில் என் அம்மாவோடு இருக்கிறார்கள். ஆகஸ்ட் லீவில் நாலு குடும்பம் சேர்ந்து மூன்று நாள் பாசிக்குடா போகிறோம். கடல் குளியல், நண்டு, இறால், பாட்டு என்று பிள்ளைகள் இப்போதே நாள் எண்ணுகிறார்கள். 14 சீட் வேன். நாங்கள் 13 பேர் என்பதால் ஒரு சீட்டைக் கழற்றிவிட்டு சவுண்ட் பொக்ஸ் வைக்கச் சொல்லியிருக்கிறோம். அம்மாவுக்கு 64 வயது, கொழுந்து எடுத்து ஓய்வு பெற்றவர். அப்பா இறந்து நாலு வருஷம். வழிக்கு ரொட்டி சுட்டுத் தருகிறேன் என்று அம்மாவாகவே சொன்னார். ‘எத்தனை பேரு?’ என்று கேட்டார், 13 என்றேன். அன்றிலிருந்து சரியாகப் பேசுவதில்லை. அவருக்கு வேனில் வாந்தி வரும், முழங்கால் வலி வேறு. கூட்டிப் போனால் யாரும் ஃப்ரீயாக இருக்க முடியாது என்கிறார் மனைவி. அம்மாவின் மனசு நோகாமல் எப்படிப் புரிய வைப்பது?

பதில்:

தம்பி, அம்மாவுக்குப் புரிய வைக்க இனி ஒன்றும் மிச்சமில்லை. அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அதனால்தான் பேசாமல் இருக்கிறார்.

வாந்தி, முழங்கால், மனைவி சொன்னது, இதெல்லாம் எனக்குப் பழகிய கதை. ஒவ்வொரு பள்ளி லீவுக்கு முன்னாலும் இப்படிக் கடிதம் வரும், ஊர்ப் பெயர் மட்டும் மாறும். உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது வேறு ஒரு வரி. போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், எழுதியது உங்களுக்கு நினைவிருக்குமோ தெரியாது. ஒரு சீட்டைக் கழற்றிவிட்டு சவுண்ட் பொக்ஸ் வைக்கிறோம் என்ற வரி.

வேனில் இடமில்லை, என்ன செய்வது என்று எழுதுகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு நான் பஸ் நேரமும் ரயில் நேரமும் சொல்லியிருக்கிறேன். உங்களுக்கு இடம் இருந்தது. ஒரு ஆள் தாராளமாக உட்காரும் இடம். அது மிஞ்சியதைப் பார்த்ததும் 13 பேரில் ஒருவர் வாயிலாவது ‘அம்மா’ என்று வந்திருக்க வேண்டும். பாட்டுப் பெட்டி என்று வந்தது. பெட்டி இல்லாவிட்டால் பயணம் சப்பென்று இருக்கும் என்று யோசிக்க ஆள் இருந்திருக்கிறது. அம்மா இல்லாவிட்டால் எப்படி இருக்கும் என்று யோசிக்க யாருமே இல்லை.

ரொட்டிக்கு மாவு அளக்கத்தான் ‘எத்தனை பேரு’ என்று கேட்டார் என்று நினைத்தீர்களா? லயம் என்கிற தோட்டத்து வரிசை வீட்டில் ஒரு காம்பராவில், அதாவது ஒரு அறையில், பேசினால் அடுத்த காம்பராவில் கேட்கும். 14 சீட் என்ற பேச்சு அவர் காதில் எப்போதோ விழுந்திருக்கும். கொழுந்து நிறுக்கும்போது தராசு முள்ளை விட்டுக் கண்ணை எடுக்காதவர், ஒரு கிலோ குறைந்தால் அரைப்பேர் போட்டு அரை நாள் சம்பளம்தான் தருவார்களே என்று பயந்து பயந்து ஆயுள் முழுக்கக் கணக்கு வைத்தவர் அவர். பதினாலில் பதின்மூன்று போனால் எவ்வளவு என்று அவருக்கு நீங்கள் சொல்லித் தர வேண்டியதில்லை. தன்னைக் கூப்பிட உங்களுக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தார். நீங்கள் 13 என்றீர்கள்.

இதை மனைவியின் தலையில் போடாதீர்கள். மாமியாரோடு மாதக்கணக்கில் ஒரே அடுப்படியில் இருப்பது அந்தப் பெண். நீங்கள் கொழும்பிலிருந்து லீவுக்கு வந்து போகிறவர். மூன்று நாள் மூச்சு விட அவர் ஆசைப்படுவதில் தப்பே இல்லை. ஆனால் அம்மா உங்கள் அம்மா. அவரைக் கூட்டிப் போவதா இல்லையா என்று மனைவியிடம் அபிப்பிராயம் கேட்டுவிட்டு, அந்தப் பதிலுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வது ஆம்பிளைத்தனம் இல்லை. மூன்று நாளும் அம்மாவைக் கவனிப்பது என் வேலை, நீ ஒன்றுக்கும் எழும்ப வேண்டாம் என்று மனைவியிடம் சொல்லுங்கள். சொன்னபடி நடங்கள். அவர் மறுக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.

சரி, வாந்திக்கு வருவோம். நுவரெலியாவிலிருந்து வெலிமடை, பதுளை, பசறை, லுணுகலை வரை வளைவுதான், யாருக்கும் தலை சுற்றும். பிபிலை தாண்டினால் மலை இறங்கிவிடும், மகா ஓயா, செங்கலடி என்று பாதை நீட்டி நிமிர்ந்து போகும். அதனால் கஷ்டம் முதல் பாதியில் மட்டும்தான். அம்மாவை டிரைவருக்குப் பக்கத்து முன் சீட்டில் வையுங்கள், பாதையைப் பார்த்துக்கொண்டு வந்தால் பிரட்டல் குறையும். வெறும் வயிறும் வேண்டாம், வயிறு முட்டவும் வேண்டாம். ஒரு தேசிக்காய் கையில் இருக்கட்டும். வாந்தி வராமலிருக்க மாத்திரை கொடுப்பதானால் முதல் நாளே பார்மசியில் கேளுங்கள். பிரஷருக்கோ சீனிக்கோ அவர் மருந்து எடுக்கிறார் என்றால் அதையும் சொல்லிக் கேளுங்கள். பதுளையில் அரை மணித்தியாலம் நிறுத்தி எல்லோரும் தேத்தண்ணி குடியுங்கள். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கைக்குழந்தைக்கு இதை எல்லோரும் யோசித்துச் செய்கிறோம்.

முழங்கால் வலியைக் காரணம் சொன்னதுதான் எனக்கு இன்னும் கோபம். இந்த நாட்டில் எத்தனையோ கடற்கரை இருக்க, முழங்கால் வலிக்காரர் இறங்குவதற்கென்றே அமைந்த கடலைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். பாசிக்குடாவில் பவளப்பாறை அலையைத் தடுத்துவிடும். குளம் மாதிரிக் கிடக்கும் தண்ணீரில் வெகுதூரம் நடந்து போகலாம், முழங்காலில் தொடங்கி இடுப்புக்கு வரவே நேரமாகும். ஒரு கையைப் பிடித்தால் போதும், அம்மா நடப்பார். செங்குத்து மலையில் முதுகில் கூடையும் இடுப்பில் படங்குச் சாக்கும் கட்டி ஏறி இறங்கிய கால்கள் அவை. வலி வந்ததே அங்கேதான்.

நீங்கள் போகும் நாட்கள் நம் பக்கத்தில் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். தென்மேற்குக் காற்று மழையை எல்லாம் தலவாக்கலையிலும் ஹட்டனிலும் கொட்டிவிட்டு, வறண்டு சுட்டு அந்தப் பக்கம் இறங்குகிறது. மட்டக்களப்பார் அதைக் கச்சான் காற்று என்பார்கள். அதனால்தான் இங்கே கம்பளி காயாத நாட்களில் அங்கே கடல் அடங்கி வெயில் எரிக்கிறது. உங்கள் திட்டப்படி 13 பேர் அந்த வெயிலுக்குப் போகிறீர்கள், வலிக்கிற முழங்காலோடு ஒருவர் மட்டும் இந்த ஈரத்தில் இருக்கிறார்.

என் அம்மாவும் மலையிலேயே காலம் கழித்தவர். ரொம்பப் பிந்தித்தான் அவரைத் திருகோணமலைக்குக் கூட்டிப்போனேன், கோணேசர் கோயிலுக்கு. கீழே கரைக்கு இறங்கியதும் சேலைக் கொசுவத்தை ஒரு கையில் சேர்த்துப் பிடித்துக்கொண்டு கணுக்கால் தண்ணீரில் நின்றார். அலை திரும்பும்போது காலடி மண் இழுபட, என் தோளை இறுக்கிப் பிடித்தார். கொஞ்ச நேரம் கழித்து, “அக்கா போன கடல் இதுதானா?” என்றார். தோட்டத்து மக்களில் பலரை இந்தியாவுக்கு அனுப்ப இரு நாடும் செய்த 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு குடும்பம் குடும்பமாகக் கோச்சியில், ரயிலில் ஏறித் தலைமன்னாரில் கப்பல் பிடித்தவர்களில் என் பெரியம்மாவும் ஒருத்தி. அது மன்னார்ப் பக்கம்மா, இது வேற கடல் என்றேன். “தண்ணி ஒண்ணுதானே” என்றார். கொண்டுவந்திருந்த ஹோர்லிக்ஸ் போத்தலில் தண்ணீர் அள்ளி மூடி, வீட்டுக்கு வந்து சாமித் தட்டில் வைத்தார். அவர் போகும்வரை அந்தப் போத்தல் அங்கேயே இருந்தது. கடல் என்றால் அவருக்குள்ளே இது இருந்தது என்று எனக்கு அதுவரை தெரியாது, நான் கேட்டதும் இல்லை. உங்கள் அம்மாவுக்கு என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா?

பாட்டு எனக்குப் பிடிக்காது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கதிர்காமத்துக்கு லொறியில் போன காலத்தில் வழி முழுக்கப் பாட்டுத்தான், ஆனால் எங்கள் வாயிலிருந்து வந்த பாட்டு. கிழவிகள்தான் எடுத்துக் கொடுப்பார்கள், மற்றவர்கள் கைதட்டிப் பிடிப்போம். பெட்டி அலறும் வேனில் பக்கத்தில் இருப்பவரோடு பேசவே முடியாது, பாடுவது எங்கே? அதோடு நீங்கள் போவது மீன்பாடும் தேன்நாடு. மட்டக்களப்பு வாவியில் நிலா இரவில் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரிலும் மறுமுனையைக் காதிலும் வைத்து மீன் பாடுவதைக் கேட்பார்கள் அந்த ஊர்க்காரர்கள். கல்லடிப் பாலத்துப் பக்கம் விசாரித்தால் சொல்வார்கள். ஏதாவது ஊரில் வடமோடியோ தென்மோடியோ கூத்து நடந்தால் வட்டக்களரி என்கிற ஆடுகளத்தின் ஓரத்தில் அம்மாவுக்கு ஒரு பாய் போட்டுக் கொடுங்கள். காமன் கூத்து பார்த்து வளர்ந்தவருக்கு மத்தளம் கேட்டால் யாரும் விளக்கம் சொல்ல வேண்டாம்.

‘ஃப்ரீயாக’ என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம் என்றும் எனக்குத் தெரியும். போத்தலை ஒளித்து வைக்க வேண்டிவரும் என்று அர்த்தம். பிள்ளைகளைக் கடலில் இறக்கிவிட்டு ஆண்கள் நாலு பேரும் குடித்திருந்தால், ஆழமில்லாத கடலும் ஆபத்துத்தான். அம்மா வருவதால் அது நின்றால், அந்த ஒரு காரணத்துக்காகவே அம்மா வர வேண்டும்.

சாப்பாடு. நம் லயங்களுக்குக் கடல் கருவாடாகத்தான் வந்தது. நெத்தலியைச் சுட்டு, கட்டச் சம்பலோடு ரொட்டி. வாழைச்சேனை மீன்பிடித் துறைமுகம் பக்கத்திலேயே இருக்கிறது, காலையில் போனால் நண்டும் இறாலும் கணவாயும் அன்றைக்குப் பிடித்தது கிடைக்கும். தங்குமிடத்தில் சமைத்துத் தரச் சொல்லலாம், நீங்களே சமைக்கலாம். ஆனால் தயவுசெய்து அரிவாளை அம்மா கையில் கொடுத்துவிடாதீர்கள். கொடுத்தால் மூன்று நாளும் அவர் அடுப்படியில்தான் நிற்பார், எல்லோரும் அம்மாவின் கறி மாதிரி வராது என்று சொல்லிக்கொண்டு சாப்பிடுவீர்கள். அவருக்கு நண்டை உடைத்து, சதையை எடுத்துத் தட்டில் வையுங்கள். வழியில் சட்டித் தயிர் விற்பார்கள், மட்டக்களப்பு எருமைத் தயிர். அதையும் வாங்கிக் கொடுங்கள்.

இன்னொன்று. ஆடி அமாவாசை எந்த நாள் என்று கலண்டரைப் பாருங்கள். லீவோடு ஒட்டி வந்தால் பயணத்தை ஒரு நாள் முன்னே பின்னே மாற்றுங்கள். அப்பா இல்லாத பிள்ளைகள் விரதம் இருக்கும் நாள் அது. அன்றைக்குத்தான் அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் கோயிலில் தீர்த்தம். செங்கலடிச் சந்தியில் இடப்பக்கம் திரும்பினால் பாசிக்குடா, வலப்பக்கம் திரும்பினால் மட்டக்களப்பு. அப்பா இறந்து நாலு வருஷம் என்று எழுதியிருக்கிறீர்கள், அவருக்காக எங்கே முழுகினீர்கள் என்று எழுதவில்லை. அம்மாவையும் வைத்துக்கொண்டு அந்தக் குளத்தில் முழுகுங்கள்.

இன்றைக்கே வேன்காரருக்குக் கோல் எடுத்து அந்தச் சீட்டைத் திரும்பப் பூட்டச் சொல்லுங்கள். நண்பர்கள் முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும். அப்புறம் அம்மாவுக்குப் பேசுங்கள், மனைவியிடம் சொல்லி அனுப்ப வேண்டாம். அன்றைக்குக் கணக்குப் பிழையாகச் சொல்லிவிட்டேன், 14 பேர் என்று சொல்லுங்கள். நான் எதுக்கு, வீட்டைப் பார்க்க ஆள் வேண்டாமா என்பார். ஒரு தரம் மறுத்ததும் விட்டுவிடாதீர்கள், மூன்று தரமாவது கேளுங்கள். வீட்டைப் பார்க்க லயத்தின் கடைசியில் இருக்கும் தொங்கல் காம்பராவில் யாரிடமாவது நீங்களே போய்ச் சொல்லி வையுங்கள். ரொட்டிக்கு மாவு பிசைய அன்று விடிய இரண்டு மணிக்கு நீங்களும் எழும்புங்கள். ஏறும்போது அவருக்கு ஸ்வெட்டரும் தலைக்கு ஒரு துண்டும் வேண்டும், நானுஓயாவில் அந்த நேரம் கடும் குளிராக இருக்கும். பதுளையில் கழற்றிக்கொள்ளலாம்.