வாசகர் கேள்வி: உள்ளூர் நாசகாரர்கள்

கேள்வி: இரண்டாம் உலகப் போரில் உள்ளூர் நாசவேலைக்கு அவ்வளவு பயந்தது நியாயமா? – வாசகர், வெள்ளவத்தை

பதில்: பயம் பொய்யில்லை, அளவுதான் பிழை. 1942 ஜூனில் ஜெர்மனி எட்டுப் பேரை நீர்மூழ்கிகளில் அனுப்பி அமெரிக்கக் கரையில் இறக்கியது. அலுமினிய ஆலைகளைத் தகர்ப்பது திட்டம். ஒன்றும் வெடிக்கவில்லை, அவர்களில் ஒருவரே எஃப்.பி.ஐ.யிடம் போய்ச் சொல்லிவிட்டார். ஆனால் அதே பயத்தில் அமெரிக்காவில் ஏறக்குறைய 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினரை, குழந்தைகளோடு, முகாம்களில் அடைத்தார்கள். எனக்கு இன்றும் மனம் ஆறாதது அதுதான்.

கொழும்புத் துறைமுகத்தில் கிளாக்காக இருந்த என் அப்பப்பா, கப்பல் பெயர்களை வீட்டில்கூட உச்சரிக்க மாட்டாராம். அது தேவையான கவனம். ஆனால் 1942 ஏப்ரல் 5இல் அங்கே ஹெக்டர், டெனெடோஸ் என்ற பிரிட்டிஷ் கப்பல்களை மூழ்கடித்த ஜப்பானியர்கள் வானத்திலிருந்து வந்தார்கள். அன்று ஈஸ்டர் ஞாயிறு. கொட்டாஞ்சேனையில் அவர் பூசைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார்.