வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வரும் வெள்ளை அங்கி: ஜப்பானியப் பள்ளிகள் குறித்து வாசகர்கள் கேட்டவை

என் தங்கை மகள் குடும்பத்தோடு நகோயாவில் வசிப்பதையும், அவளுடைய மகன் அங்கே மூன்றாம் வகுப்புப் படிப்பதையும் பற்றிச் சென்ற இதழில் ஒரு பதிலுக்கிடையே இரண்டு வரி எழுதியிருந்தேன். அதன்பிறகு தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களில் பாதிக்குமேல் ஜப்பானியப் பிள்ளைகளைப் பற்றியவையாகவே இருந்தன. ஆகவே இந்த இதழில் அவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

ஜப்பானில் நான்காம் வகுப்பு வரை தேர்வே கிடையாது, நல்லொழுக்கம் மட்டுமே சொல்லித் தருகிறார்கள், பள்ளியைப் பிள்ளைகளே சுத்தம் செய்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் அடிக்கடி ஒரு செய்தி வருகிறது. இது எவ்வளவு தூரம் உண்மை?
*ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், மன்னார்குடி*

ஐயா, மூன்றில் கடைசியாகச் சொன்னது உண்மை. முதல் இரண்டும் உண்மையல்ல. முதல் வகுப்பிலேயே பாடம் முடிய முடியத் தாளில் தேர்வு உண்டு. சிவப்பு மையில் திருத்திய தாள் வீட்டுக்கு வருகிறது. தொடக்கப் பள்ளியின் ஆறு ஆண்டுகளுக்குள் ஒரு பிள்ளை 1,026 கான்ஜி எழுத்துகளை (சீனத்திலிருந்து வந்த சொல்லெழுத்துகள்) கற்றாக வேண்டும் என்பதை நினைத்துப் பார்த்தாலே, அவ்வப்போது சோதித்துப் பார்க்காமல் அது நடக்காது என்பது விளங்கும். தேர்வில் தவறியதற்காக யாரையும் அதே வகுப்பில் நிறுத்திவைப்பதில்லை என்ற செய்திதான் கைமாறிக் கைமாறித் தேர்வே இல்லை என்று ஆகியிருக்க வேண்டும். நல்லொழுக்கத்துக்கு வாரத்தில் ஒரே ஒரு பாடவேளைதான். 2018-இல் தொடக்கப் பள்ளிகளில் அதைத் தனிப் பாடமாகவே ஆக்கியபோதும் மதிப்பெண் வைக்கவில்லை. பிள்ளையைப் பற்றி ஆசிரியர் சில வரிகள் எழுதுகிறார். ஒன்பது ஆண்டுக் கட்டாயக் கல்வி முடியும் பதினைந்து வயதில் மேல்நிலைப் பள்ளிக்கான நுழைவுத் தேர்வு வந்து நிற்கிறது. அதற்காக மாலையில் ‘ஜுகு’ என்னும் தனிப்பயிற்சி நிலையத்துக்குப் போய் இரவு வீடு திரும்பும் பிள்ளைகள் ஏராளம்.

சுத்தம் செய்வதைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். நாள்தோறும் பதினைந்து, இருபது நிமிடம் அதற்கென்று கால அட்டவணையிலேயே இடம் இருக்கிறது. நாற்காலிகளை மேசைகள்மேல் கவிழ்த்து, மேசைகளை வகுப்பின் ஒரு பக்கமாகத் தள்ளி, பெருக்கிய பிறகு, பழைய துண்டை மடித்துத் தைத்த துணியை நனைத்துப் பிழிந்து, இரு கைகளாலும் தரையில் அழுத்தியபடி குனிந்து ஓடித் துடைக்கிறார்கள். வகுப்பறை, நடைவழி, படிக்கட்டு, பல பள்ளிகளில் கழிப்பறை என்று ஒவ்வொரு குழுவுக்கும் ஓரிடம். அந்த இடம் முறைவைத்து மாறிக்கொண்டே இருக்கும். துணியைப் பிழியத் தெரியாத முதல் வகுப்புப் பிள்ளைக்கு ஆறாம் வகுப்புப் பிள்ளை பிழிந்து காட்டுகிறது.

இதை நம் ஊரில் அப்படியே செய்யலாமே என்று பலர் எழுதியிருக்கிறீர்கள். நான் தயங்குகிறேன், காரணத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நம் பள்ளிகளில் கழிப்பறையைக் கழுவப் பிள்ளைகளை அழைத்தபோதெல்லாம் எந்தத் தெருப் பிள்ளைகளை அழைத்தோம் என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும். அங்கே அந்த வேலை தண்டனையாகவும் இல்லை, ஒரு சாராருக்கு உரியதாகவும் இல்லை; மருத்துவர் மகனுக்கும் மீனவர் மகளுக்கும் வரிசைப்படி வருகிறது, ஆசிரியரும் துணியோடு உடன் நிற்கிறார். அந்த வரிசையை ஒரு நாள்கூடப் பிசகாமல் காப்பேன் என்று உறுதி சொல்லும் பள்ளி நம்மிடையே இருந்தால் அது நாளைக்கே தொடங்கட்டும். அந்த உறுதி இல்லாத இடத்தில் தூய்மைப் பணியாளரை நியமித்து ஒழுங்காகச் சம்பளம் கொடுப்பதே நேர்மை.

நான் முப்பது ஆண்டுகளாகச் சத்துணவு மையத்தில் வேலை பார்க்கிறேன். ஜப்பானில் பள்ளிச் சாப்பாடு எப்படி?
*சத்துணவு அமைப்பாளர், நீடாமங்கலம்*

அம்மா, வந்த கடிதங்களில் எனக்கு மிகவும் பிடித்தது உங்களுடையதுதான். உங்கள் தொழிலுக்கு அங்கேயும் நீண்ட வரலாறு உண்டு. 1889-இல் யமகத்தா மாநிலத்தின் த்சுருவோகா ஊரில், கோயிலில் நடந்த ஒரு பள்ளியில், ஏழைப் பிள்ளைகளுக்குச் சோற்று உருண்டையும் சுட்ட மீனும் ஊறுகாயும் கொடுத்ததிலிருந்து அதைத் தொடங்குகிறார்கள். போருக்குப் பிந்திய பஞ்சத்தைக் கடந்து 1954-இல் பள்ளி மதிய உணவுச் சட்டம் வந்தது. நம் காமராசர் 1956-இல் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கியதையும், 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்ததையும் அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், நாம் ஒன்றும் பிந்தியவர்கள் அல்ல.

அங்கே உணவுக்கூடம் என்று தனி அறை பெரும்பாலும் இருப்பதில்லை. பரிமாறும் முறை வந்த பிள்ளைகள் வெள்ளை அங்கி, தொப்பி, முகக்கவசம் அணிந்து, சோற்றுப் பாத்திரத்தையும் சூப்புப் பாத்திரத்தையும் வகுப்பறைக்கே கொண்டுவந்து, உடன்படிப்பவர்களுக்கு அளந்து போடுகிறார்கள். ஆசிரியரும் அதே சாப்பாட்டை அதே அறையில் சாப்பிடுகிறார். பிள்ளைகளுக்குப் போகுமுன் தலைமையாசிரியர் ஒரு தட்டு சாப்பிட்டுப் பார்க்க வேண்டும். நம் விதியும் ஏறக்குறைய அதுதான். 1996-இல் சகாய் நகரில் பள்ளிச் சாப்பாட்டால் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் நோயுற்று, சிலர் இறந்தும் போனார்கள். அதன்பிறகு, சமைத்த ஒவ்வொரு பண்டத்திலும் சிறிது எடுத்து, மைனஸ் 20 டிகிரிக்கும் கீழான குளிரில் இரண்டு வாரம் வைத்திருப்பது கட்டாயமாயிற்று. சமையல்கூடம், ஊழியர் செலவு உள்ளாட்சியுடையது. பொருள் செலவைப் பெற்றோர் தருவது என்பதே சட்டத்தின் அடிப்படை. ஒரு காசும் வாங்காமல் முட்டையோடு போடுவதும், 2022 முதல் காலையிலும் போடத் தொடங்கியதும் நம் தமிழ்நாட்டின் பெருமை.

வெள்ளிக்கிழமைதோறும் அந்த வெள்ளை அங்கி ஒரு பைக்குள் சுருண்டு வீட்டுக்கு வரும். அந்த வாரம் பரிமாறிய பிள்ளையின் வீட்டில் அதைத் துவைத்து, இஸ்திரி போட்டு, திங்கட்கிழமை அடுத்த பிள்ளைக்காக அனுப்ப வேண்டும். “முன்பின் தெரியாத ஒரு பிள்ளைக்காக நான் சட்டை மடிக்கிறேன், மாமா; எனக்குத் தெரியாத யாரோ ஒருத்தி என் பிள்ளைக்காக மடித்தது சென்ற மாதம் வந்தது” என்று என் தங்கை மகள் தொலைபேசியில் சொன்னாள். அங்கிருந்து நாம் எடுத்துக்கொள்ள ஏதாவது உண்டென்றால் அந்தப் பையைத்தான் சொல்வேன். ஒரு குறையும் உண்டு: தட்டைக் காலி செய்யும்வரை பிள்ளையை எழவிடாமல் உட்காரவைக்கும் பழக்கம் அங்கே நெடுங்காலம் இருந்தது. சாப்பாட்டு நேரத்தையே கண்டு அஞ்சும் பிள்ளைகள் அதனால் உண்டானார்கள். இப்போது அதற்குக் கடும் எதிர்ப்பு இருக்கிறது.

2004-இல் அலை வந்தபோது எனக்கு ஒன்பது வயது. ஜப்பானில் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சுனாமியைப் பற்றி என்ன கற்றுத் தருகிறார்கள்?
*இரண்டு குழந்தைகளின் தாய், நாகப்பட்டினம்*

அம்மா, 2004 நம் டெல்டாவில் பிள்ளைகளைப் பறிகொடுத்த ஆண்டு. ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் கூரைக் கொட்டகையில் பிடித்த தீயில் 94 குழந்தைகளை இழந்தோம். டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமைக் காலையில் உங்கள் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோரைக் கடல் கொண்டுபோயிற்று. உங்கள் கேள்வியை அந்தக் கனத்தோடுதான் வாசித்தேன்.

2011 மார்ச் 11 அன்று ஜப்பானின் வடகிழக்குக் கரையில் நடந்தவற்றுள் இரண்டு பள்ளிகளின் கதையைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். கமைஷி நகரில், குன்மா பல்கலைக்கழகப் பேராசிரியர் கதாதா தோஷிதாகாவின் வழிகாட்டுதலில், பல ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குப் பயிற்சி நடந்துவந்தது. அவர் சொல்லிக்கொடுத்தவை மூன்று: வரைபடத்தில் ஆபத்தில்லை என்று போட்டிருப்பதை நம்பாதே, அந்த நேரத்தில் உன்னால் இயன்றதெல்லாம் செய், பிறருக்காகக் காத்திராமல் நீ முதலில் ஓடு. நிலம் அதிர்ந்ததும் நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகள் ஓடத் தொடங்கினார்கள். அவர்கள் ஓடுவதைப் பார்த்துப் பக்கத்துத் தொடக்கப் பள்ளியும் கிளம்பியது. பெரியவர்கள் சிறியவர்களின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். குறித்துவைத்த புகலிடத்தை அடைந்த பிறகும் அங்கே பாறை சரிந்திருப்பதைக் கண்டு, இது போதாது என்று இன்னும் மேலே ஏறினார்கள். அந்தப் புகலிடத்தையும் பின்னால் அலை மூடியது. நகரின் ஏறத்தாழ 3,000 பள்ளிப் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் பிழைத்தார்கள்.

அதே நாளில், இஷினோமாக்கியின் ஓக்காவா தொடக்கப் பள்ளியில், 108 பிள்ளைகளில் 74 பேர் மாண்டார்கள். ஆசிரியர்களும் ஊழியர்களுமாகப் பத்துப் பேரும் மாண்டார்கள். பள்ளியின் பின்னாலேயே குன்று இருந்தது. ஆனாலும் எங்கே போவது என்று முடிவெடுக்க முடியாமல் விளையாட்டுத் திடலில் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் நின்றுவிட்டார்கள். கடலிலிருந்து நாலு கிலோமீட்டர் உள்ளே இருக்கிறோம் என்ற நம்பிக்கையும் இருந்தது. ஆனால் அலை கித்தகாமி ஆற்றின் வழியாக ஏறி வந்தது. ஆற்று முகத்துவாரங்களை ஒட்டி வாழும் நாம் இதை மறக்கக் கூடாது. பள்ளியும் கல்வி நிர்வாகமும் முன்கூட்டியே திட்டமிடாதது தவறு என்ற தீர்ப்பு 2019-இல் உச்ச நீதிமன்றத்தில் உறுதியானது.

அந்தக் கரையோர மக்களிடம் ‘தெண்தென்கோ’ என்று ஒரு சொல் உண்டு. அவரவர் தனித்தனியே ஓடுங்கள் என்பது பொருள். கேட்பதற்குக் கல்நெஞ்சமாகத் தோன்றும். ஆனால் அம்மா தானாக ஓடிவிடுவாள் என்று பிள்ளையும், பிள்ளை தானாக ஓடிவிடும் என்று அம்மாவும் நம்ப முடிந்தால்தான், ஒருவரைத் தேடி ஒருவர் கரைக்குத் திரும்பாமல் இருவரும் பிழைப்பார்கள். எங்கே சந்திப்பது என்று வீட்டில் இன்றே பேசி வைத்துக்கொள்வதுதான் அந்தச் சொல்லின் முதல் பாதி. உங்கள் இரண்டு குழந்தைகளோடும் பேசுங்கள். கால்நடையாக ஒருமுறை அந்த இடம்வரை போயும் வாருங்கள்.

அங்கே பிள்ளைகளுக்கு நெல் எங்கிருந்து வருகிறது என்று தெரியுமா?
*விவசாயி, திருத்துறைப்பூண்டி*

தெரியும், ஐயா. ஐந்தாம் வகுப்பு சமூகவியலில் வேளாண்மை ஒரு பாடம். பல பள்ளிகள் அக்கம்பக்கத்து விவசாயி ஒருவரின் வயலில் பிள்ளைகளை இறக்கி நாற்று நடவைக்கின்றன. இலையுதிர் காலத்தில் அதே பிள்ளைகள் அரிவாளோடு அறுக்கப் போகிறார்கள். வயல் இல்லாத நகரத்துப் பள்ளிகளில் பிளாஸ்டிக் வாளியில் சேறு குழைத்து நெல் வளர்க்கிறார்கள். குறுவைக்கும் சம்பாவுக்கும் நடுவே பிறந்து வளரும் நம் பிள்ளைகளில் பலர் காலைச் சேற்றில் வைத்ததே இல்லை என்பது எனக்கு வருத்தம். உங்கள் வயலில் ஒரு மூலையை நடவன்றைக்கு ஊர்ப் பள்ளிக்குக் கொடுக்க முடியுமா என்று கேட்கிறேன்.

பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகன் இரண்டு மாதமாகப் பள்ளிக்குப் போக மறுக்கிறான். ஜப்பான் பிள்ளைகளைப் பார், எவ்வளவு ஒழுங்கு என்று அவனிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். நீங்களும் அவனுக்கு நாலு வார்த்தை எழுத வேண்டும்.
*ஒரு தந்தை, தஞ்சாவூர்*

ஐயா, நான்கு வார்த்தையை உங்களுக்கே எழுதுகிறேன், கோபிக்க வேண்டாம். 2023 கல்வியாண்டில் ஜப்பானில் ஆண்டுக்கு முப்பது நாள் அல்லது அதற்கு மேல் பள்ளிக்குப் போகாதிருந்த தொடக்க, நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகள் 3,46,482 பேர். நோயாலோ வறுமையாலோ வராதவர்கள் இந்தக் கணக்கில் இல்லை. உங்கள் மகனைப் போல, அந்தக் கட்டடத்துக்குள் கால் வைக்க முடியாமல் போனவர்கள் இவர்கள்.

நாம் வியக்கும் அந்த ஒழுங்குக்கு இன்னொரு முகம் உண்டு. எல்லோரும் ஒரேபோல் இருக்கும் இடத்தில் கொஞ்சம் வேறாக இருக்கும் பிள்ளைக்கு மூச்சு முட்டுகிறது. பிறவியிலேயே பழுப்பான தன் கூந்தலுக்குக் கறுப்புச் சாயம் பூசச் சொல்லிப் பள்ளி வற்புறுத்தியது என்று ஒரு மாணவி தொடுத்த வழக்கு, 2021-இல் ஒசாக்கா நீதிமன்றத்தில் தீர்ப்பானது. கேலியும் ஒதுக்கிவைத்தலும் ஒரு மாணவனின் உயிரைக் கொண்டுபோன பிறகுதான் 2013-இல் அதற்கெதிரான சட்டம் வந்தது. ஆசிரியர்களும் ஓய்ந்துபோயிருக்கிறார்கள்: 2018-இல் நடந்த பன்னாட்டுக் கணக்கெடுப்பில் நடுநிலைப் பள்ளி ஆசிரியரின் வேலை நேரம் வாரத்துக்கு 56 மணி, மற்ற நாடுகளின் சராசரி 38 மணிதான்.

அந்த அரசாங்கமே இப்போது, பிள்ளையைப் பள்ளிக்குத் திருப்பி அனுப்புவது ஒன்றே இலக்கு அல்ல என்று எழுத்தில் சொல்லிவிட்டது. ஓய்வு தேவைப்படும் பிள்ளை உண்டு என்பதை 2016-இல் வந்த சட்டம் ஒப்புக்கொள்கிறது. கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் செப்டம்பர் முதல் தேதியை ஒட்டித்தான் அங்கே பிள்ளைகள் உயிரை மாய்த்துக்கொள்வது கூடிவந்தது. 2015 ஆகஸ்டில் காமாகுரா நகர நூலகம், பள்ளிக்குப் போவது சாவைவிடக் கடினமாக இருந்தால் நூலகத்துக்கு வா, நாள் முழுவதும் இருந்தாலும் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள் என்ற பொருளில் பொதுவில் எழுதியது. அந்த நூலகர் செய்ததை உங்கள் வீட்டில் நீங்கள் செய்யுங்கள். ஏன் போகவில்லை என்று கேட்பதை ஒரு வாரம் நிறுத்துங்கள். அவனோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். அவனாகப் பேசத் தொடங்கும்போது குறுக்கிடாதீர்கள். 1098 குழந்தைகளுக்கான உதவி எண், 14416 மனநல ஆலோசனைக்கான எண், இரண்டும் கட்டணமில்லாதவை. அவன் உயிர்மேல் உங்களுக்கு ஒரு சிறு ஐயம் தோன்றினாலும் இந்த இதழைக் கீழே வைத்துவிட்டு முதலில் அழையுங்கள்.

மருமகனுக்கு ஜப்பானில் வேலை. ஆறு வயதுப் பேரனுக்குத் தமிழைத் தவிர வேறு பாஷை தெரியாது; சைவம். எப்படிச் சமாளிப்பான்?
*பாட்டி, திருவையாறு*

அம்மா, அங்கே கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. ஏப்ரல் முதல் தேதிக்குள் ஆறு வயது நிறைந்திருந்தால் முதல் வகுப்பு. வெளிநாட்டுப் பிள்ளைக்குப் பள்ளி கட்டாயமில்லை என்றாலும், நகராட்சி அலுவலகத்தில் கேட்டால் அரசுப் பள்ளியில் கட்டணமின்றிச் சேர்த்துக்கொள்வார்கள். முதல் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் ஹிராகானா என்னும் ஒலியெழுத்துகளை அடியிலிருந்துதான் எழுதுகிறார்கள், கான்ஜி எண்பதுதான். ஆகவே இது சேர நல்ல வயது. சூப்பிலும் குழம்பிலும் மீன் சாறு கலந்திருக்கும். சேரும் நாளிலேயே ஆசிரியரிடம் சொல்லி, வீட்டிலிருந்து டப்பாவில் சாப்பாடு அனுப்ப அனுமதி கேட்கச் சொல்லுங்கள். ஆறு மாதத்தில் அவன் அம்மாவுக்கே ஜப்பானிய மொழி சொல்லிக்கொடுப்பான். அப்போது தமிழ் நழுவத் தொடங்கும். அதற்குத்தான் நீங்கள் வேண்டும். கதை சொல்லி முடிக்காமல் மறுநாளைக்கு மீதி வைத்து, நாள்தோறும் வீடியோவில் பேசுங்கள். அங்கே நேரம் நம்மைவிட மூன்றரை மணி முன்னால் என்பதால், இங்கே விளக்கு வைக்கும் நேரம்வரை காத்திருந்தால் அவன் தூங்கிவிடுவான். மாலை நாலு மணிக்கே அழையுங்கள்.