பங்க் கலந்ததால் டார்க்த்ரோனின் 'தி கல்ட் இஸ் அலைவ்' கெட்டுப்போனதா?

நீங்கள் 1994-இல் வந்த 'டிரான்சில்வேனியன் ஹங்கர்' கேட்டு டார்க்த்ரோன் என்ற இந்த நார்வே பிளாக் மெட்டல் பேண்டுக்குள் வந்தவராக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதன் குளிர்ந்த ஒலியைத் தேடிக்கொண்டு 2006-இன் 'தி கல்ட் இஸ் அலைவ்' பக்கம் போனால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். கிட்டார் சில பவர் கார்டுகளை வைத்துக்கொண்டு முரட்டுத்தனமாக ஓடுகிறது, டிரம்ஸ் உதைத்துத் தள்ளுகிறது, குரலில் மட்டும் பழைய கரகரப்பு. ஆனால் கெட்டுப்போனது என்று சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பங்க் மெட்டலுக்குள் எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்ட சமாச்சாரம் இல்லை. ஹெல்ஹாமர் என்ற சுவிஸ் மெட்டல் பேண்டைத் தொடங்கிய டாம் வாரியர், டிஸ்சார்ஜ் என்ற பிரிட்டிஷ் பங்க் பேண்டு தன்னை எவ்வளவு பாதித்தது என்று பலமுறை சொல்லியிருக்கிறார். பிரிட்டனின் நேபாம் டெத் பேண்டு 1987-இல் 'ஸ்கம்' ஆல்பத்தை வெளியிட்டபோது அவர்கள் வந்ததே அனார்கோ பங்க், அதாவது அரசே வேண்டாம் என்று பாடிய பங்க் வட்டாரத்திலிருந்துதான். 'தி கல்ட் இஸ் அலைவ்' ஆல்பத்தை வெளியிட்ட பீஸ்வில் நிறுவனத்தின் வேரும் அதே வட்டாரம்தான்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் வருகிறது என்றால், நான் டிரம்ஸ் வாசிப்பவன். எங்கள் பேண்டின் கிட்டாரிஸ்ட், டிஸ்சார்ஜின் பெயரால் அழைக்கப்படும் டி-பீட் என்ற டிரம்ஸ் தாளத்தை "வாசிக்கத் தெரியாதவன் வாசிப்பது" என்பான். அவனுக்கு எல்லா ரிஃப்புக்கும் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கு) கீழே பிளாஸ்ட் பீட் என்ற அதிவேகத் தாளம் வேண்டும். பிளாஸ்ட் பீட்டில் காலால் மிதிக்கும் கிக் டிரம்மும் குச்சியால் அடிக்கும் ஸ்னேர் டிரம்மும் அடர்ந்து ஒரே இரைச்சலாகிவிடும், ரிஃப் அதன் மேல் மிதக்கும். டி-பீட்டில் ஸ்னேர் விழும் இடம் தெளிவாகக் கேட்கும், நடுவில் கிக் முண்டியடித்துக்கொண்டு வரும். அதை ஒரே சீராக, தளராமல் நான்கு நிமிடம் வாசித்துப் பார்த்தால் தெரியும் சிரமம். ஒருநாள் ரிகர்சலில் அவனுடைய ரிஃப் ஒன்றுக்கு யாரையும் கேட்காமல் டி-பீட் போட்டேன். அதுவரை நகராமல் கிடந்த பாட்டு எழுந்து ஓடியது. பாடுகிறவன் மைக்கைக் கையில் பிடித்துவிட்டான், பேஸ் வாசிப்பவன் சிரித்துக்கொண்டே சேர்ந்துகொண்டான். கிட்டாரிஸ்ட் மட்டும் "இது மெட்டலே இல்லை" என்று ஆம்ப்பை அணைத்தான். சில மாதங்களில் பேண்டை விட்டும் போய்விட்டான். அந்தப் பாட்டை இன்றும் வாசிக்கிறோம்.

பிளாஸ்ட் பீட் நிறைந்த டெக்னிக்கல் டெத் மெட்டலை நான் மட்டம் தட்டவில்லை, நானும் கேட்கிறேன். சண்டைக்கு வர வேண்டாம்.

எங்களுடைய அந்த டி-பீட் பாட்டைப் பதிவு செய்தபோது நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். மிக்ஸ் செய்தவர் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் என் ஸ்னேர் சத்தத்தை நீக்கிவிட்டு, முன்பே பதிவு செய்து வைத்த ரெடிமேட் சாம்பிளை வைத்திருந்தார். ஒவ்வோர் அடியும் அச்சடித்த மாதிரி ஒரே சத்தம். கை களைத்து ஓர் அடி மெலிவதும் அடுத்தது வெறியோடு விழுவதும்தான் வாசிப்பு, அதை அழிக்க அவருக்கு யார் உரிமை கொடுத்தது? அந்த எரிச்சல் இன்னும் தீரவில்லை.

சரி, கேள்விக்கு வருகிறேன். 'தி கல்ட் இஸ் அலைவ்' நார்வே ஆல்பம் பட்டியலில் 22-ஆம் இடத்தில் நுழைந்ததால் இதைக் காசுக்காகச் செய்தார்கள் என்றும் சிலர் எழுதுகிறார்கள். மேடை ஏறுவதையே விட்டுவிட்ட இரண்டு பேர், சொந்தக் கருவிகளை வைத்துக்கொண்டு தாங்களே பதிவு செய்த ஆல்பம் இது. காசு பார்க்கிறவர்கள் இப்படியா செய்வார்கள்? முதலில் டிஸ்சார்ஜின் 1982 ஆல்பத்தை முழுதாகக் கேளுங்கள். அப்புறம் இதில் 'டூ ஓல்ட் டூ கோல்ட்' பாட்டைச் சத்தமாக வையுங்கள்.