குளிர்காலத்துக்கு ஒரு கடற்கரை ஊர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பணி ஓய்வு பெற்றவர்கள் குளிர்காலத்தை வெளிநாட்டுக் கடற்கரை ஊர் ஒன்றில் கழிப்பது பற்றிக் கேள்விகள் அனுப்பும்படி போன இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். நான் மருந்தாளராக இருந்து ஓய்வு பெற்றவள். நானும் கணவரும் குளிர்காலங்களை ஸ்பெயினின் தெற்குக் கரையில் கழித்து வருகிறோம். ஆகவே என் பதில்களில் மருந்துப் பெட்டியும் வீட்டுச் சுவரும் அடிக்கடி எட்டிப் பார்க்கும்.

கேள்வி: எனக்கு 70 வயது, மனைவிக்கு 67. அவருக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். குளிர் வந்துவிட்டால் வாசல் படி இறங்குவதே இல்லை. ஸ்பெயினில் நெர்ஹா, போர்ச்சுகலின் மதீராத் தீவில் ஃபுன்ஷால், துருக்கியில் அன்டல்யா என்று மூன்று ஊர்களைக் குறித்து வைத்திருக்கிறோம். மூன்று மாதம் தங்க எது நல்லது?

மூன்றும் அழகான ஊர்கள்தான் ஐயா. ஆனால் ஜனவரி மாதத்தையும் உங்கள் மனைவியின் முழங்காலையும் வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

முதலில் குளிர். ஃபுன்ஷாலில் ஜனவரியில் பகலில் 19, 20 டிகிரி இருக்கும், இரவில் 13, 14. நாலு பக்கமும் அட்லாண்டிக் கடல் இருப்பதால் பகலுக்கும் இரவுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. நெர்ஹா இருக்கும் மலாகாக் கரையில் பகல் 17 டிகிரி, இரவு 7, 8. வடக்கே மலைத்தொடர் நிற்பதால் வாடைக்காற்று நேராக வந்து அடிக்காது. அன்டல்யாவில் பகல் 15, இரவு 6 என்று இறங்கிவிடும். அத்தோடு அங்கே குளிர்காலம்தான் மழைக்காலம். ஆண்டுக்குச் சுமார் 1,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊர் அது. அதில் பெரும்பகுதி நவம்பருக்கும் பிப்ரவரிக்கும் நடுவில் கொட்டித் தீர்த்துவிடும். கோடையில் எடுத்த படங்களைப் பார்த்து அன்டல்யாவைக் குறித்து வைத்திருந்தால் தயவுசெய்து பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

வெப்பத்தை மட்டும் பார்த்தால் ஃபுன்ஷால்தான் முதலிடம். ஆனால் அது மலைச்சரிவில் படிந்த ஊர். தேய்ந்த முழங்காலுக்கு மேடு ஏறுவதைவிடச் சரிவில் இறங்குவதுதான் அதிக வலி. காலையில் கீழே போய்விட்டுத் திரும்பி வருவதற்குள் அம்மாவுக்கு மறுநாள் வெளியே வரும் ஆசையே போய்விடும். நெர்ஹாவிலும் கடற்கரைக்கு இறங்கும் தெருக்கள் செங்குத்தாகவே இருக்கின்றன. ஃபுன்ஷால்தான் என்று மனசு சொன்னால், லிடோ பகுதியில் கடலோர நடைபாதையை ஒட்டி வீடு தேடுங்கள். அங்கே ஓரளவு சமதளம். இன்னொன்றும் தெரிந்திருக்கட்டும். குறுக்குக்காற்று பலமாக அடிக்கும் நாட்களில் ஃபுன்ஷால் விமான நிலையத்தில் விமானம் இறங்க முடியாமல் வேறு ஊருக்குத் திருப்பி விடுவார்கள். அவசரமாக ஊர் திரும்ப வேண்டிய நிலை வரக்கூடியவர்கள் இதையும் யோசிக்க வேண்டும்.

உங்கள் பட்டியலில் இல்லாத ஓர் ஊரைச் சொல்கிறேன்: மலாகாவுக்கு மேற்கே ஃபுயென்ஹிரோலா. கடலை ஒட்டிப் பல கிலோமீட்டருக்குச் சமதளமான நடைபாதை. மலாகா நகரத்திலிருந்து விமான நிலையம் வழியாக வரும் ரயில் அங்கேதான் முடிகிறது, பேருந்தும் டாக்ஸியும் மாற்றி மாற்றி அலைய வேண்டாம். பின்லாந்துக்காரர்கள் காலங்காலமாகக் குளிர்காலத்துக்கு வந்து தங்கும் ஊர், அவர்களுக்கென்று ஒரு பள்ளிக்கூடமே இருக்கிறது. அப்படிப்பட்ட ஊரில் ஜனவரியிலும் கடைகள் திறந்திருக்கும், வழியில் உட்கார பெஞ்சும் இருக்கும்.

பெஞ்சைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். எந்த ஊரை எடுத்தாலும், வீட்டிலிருந்து மருந்துக்கடை, மளிகைக்கடை, பேருந்து நிறுத்தம் ஆகிய மூன்றுக்கும் போகும் வழியைக் கூகுள் தெருக்காட்சியில் ஒரு தடவை நடந்து பாருங்கள். படிக்கட்டு எங்கே, கைப்பிடி இருக்கிறதா, உட்கார எங்கே இடம் இருக்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். கடல் அம்மாவுக்குக் கண்ணில் பட்டால் போதும். அந்த வழிதான் தினமும் காலில் படும்.

கேள்வி: நவம்பர் முதல் மார்ச் வரை ஐந்து மாதம் ஒரேயடியாகத் தங்க ஆசை. எங்களிடம் பிரிட்டன் கடவுச்சீட்டு. விசா வேண்டுமா?

ஷெங்கன் என்பது தங்களுக்குள் எல்லைச் சோதனையை எடுத்துவிட்ட ஐரோப்பிய நாடுகளின் கூட்டு. ஐந்து மாதம் ஒரே ஷெங்கன் நாட்டில் விசா இல்லாமல் தங்க முடியாது. பிரிட்டன், கனடா, அமெரிக்கா போன்ற நாட்டுக் கடவுச்சீட்டுக்காரர்களுக்கு ஷெங்கன் பகுதி முழுவதற்கும் சேர்த்து எந்த 180 நாளிலும் 90 நாள்தான். ஸ்பெயினில் 90, பிறகு போர்ச்சுகலில் 90 என்று கணக்குப் போடக் கூடாது. வந்த நாளும் கிளம்பிய நாளும் கணக்கில் சேரும்.

உதாரணமாக, நவம்பர் 1 அன்று நுழைந்தால் 90ஆவது நாள் ஜனவரி 29. அன்றைக்குள் வெளியேற வேண்டும். இடையில் எங்கும் போகாமல் இருந்திருந்தால், மறுபடி உள்ளே வர ஏப்ரல் 30 வரை காத்திருக்க வேண்டும். 2025 அக்டோபர் 12 முதல் எல்லையில் விரல் ரேகையையும் முகப்படத்தையும் எடுத்துக் கணினியில் பதியும் முறையைப் படிப்படியாகக் கொண்டுவந்திருக்கிறார்கள். முத்திரை சரியாக விழவில்லை, அதிகாரி கவனிக்கவில்லை என்ற பேச்சுக்கே இனி இடமில்லை. ஒருநாள் கூடினாலும் கணினி காட்டிக்கொடுக்கும்.

அப்படியானால் ஐந்து மாதத்துக்கு என்ன வழி? குளிர்காலத்தை இரண்டாகப் பிரிக்கலாம். பாதியை ஸ்பெயினிலும் மீதியை மொராக்கோவின் அகாதிரிலும் கழிக்கலாம். அங்கே ஜனவரிப் பகலில் 20 டிகிரி இருக்கும், 90 நாள் தனிக்கணக்கு. சைப்ரஸ் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தாலும் நான் இதை எழுதும்போது ஷெங்கனுக்குள் இல்லை. ஆனால் சேரத் தயாராகி வருகிறது, ஆகவே டிக்கெட் எடுக்கும் முன் நிலவரத்தை உறுதி செய்துகொள்ளுங்கள். இல்லையென்றால் ஸ்பெயினில் வேலை செய்யாமல் தங்குவதற்கான குடியிருப்பு விசா, போர்ச்சுகலில் ஓய்வூதியம் போன்ற வருமானம் உள்ளவர்களுக்கான டி7 விசா இருக்கின்றன. இரண்டுக்கும் வருமானச் சான்று கொடுக்க வேண்டும். இவை சுற்றுலா விசா அல்ல, அங்கே குடியேறுவதற்கானவை. வருஷத்தில் சில மாதம் மட்டும் போய்வர நினைப்பவர்களுக்கு அந்த அலைச்சல் தேவையா என்று நிதானமாக யோசியுங்கள். ஸ்பெயினில் ஒரு காலண்டர் ஆண்டில் 183 நாளைத் தாண்டினால் வரி விஷயமும் வந்து சேரும்.

கேள்வி: கடல் தெரியும் வீடு என்று விளம்பரத்தில் இருக்கிறது. நேரில் பார்க்க முடியாது. வாடகைக்கு எடுக்கும் முன் என்ன கேட்க வேண்டும்?

வெயில் எந்த அறையில், எத்தனை மணிக்கு விழும் என்று முதலில் கேளுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

காரணம் இதுதான். டிசம்பர் கடைசியில் மலாகாவில் மாலை ஆறு மணி வாக்கில் இருட்டிவிடும். காலை எட்டு மணிக்கு மேல்தான் விடியும். பதினான்கு மணி நேரம் வீட்டுக்குள்தான் இருக்கப் போகிறீர்கள். அந்தப் பக்கத்து வீடுகள் பல கோடை வெப்பத்தைத் தாங்கக் கட்டியவை. டைல்ஸ் தரை, மெல்லிய ஜன்னல், மத்திய வெப்பமூட்டல் கிடையாது. வெளியே 17 டிகிரி வெயிலில் சட்டையோடு நடந்துவிட்டு வந்து, உள்ளே கம்பளிக்குள் சுருண்டு உட்கார்ந்திருப்பவர்களை வருஷா வருஷம் பார்க்கிறேன். ஊர் சரியாக அமைந்து வீடு தவறாக அமைந்தால் அந்தக் குளிர்காலமே வீண்.

டிசம்பர் நண்பகலில் அங்கே சூரியன் சுமார் 30 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். தெற்குப் பார்த்த ஜன்னல் இருந்தால் வெயில் அறையின் கடைசிவரை நீண்டு வந்து தரையைச் சூடாக்கும். ஆனால் எதிரே நாலு மாடிக் கட்டடம் இருந்தால் தெற்கு ஜன்னலும் நிழல்தான். கடல் தெரிந்தால் வெயில் உண்டு என்பதும் எல்லா இடத்திலும் உண்மையில்லை. மலாகாக் கரையும் போர்ச்சுகலின் அல்கார்வ் கரையும் ஃபுன்ஷாலும் தெற்குப் பார்த்தவை, அங்கே கடல் தெரிந்தால் பெரும்பாலும் வெயிலும் வரும். ஸ்பெயினின் அலிகான்டே, சைப்ரஸின் லார்னகா போன்ற கிழக்குக் கரைகளில் கடல் பார்த்த பால்கனிக்குக் காலை வெயில் மட்டும்தான். மதியத்துக்கு மேல் அங்கே உட்கார முடியாது.

வீட்டுக்காரரிடம் பிற்பகல் மூன்று மணிக்கு அலைபேசியில் ஒரு வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அதில் வரவேற்பறைத் தரை தெரிய வேண்டும். பிறகு படுக்கையறை அலமாரியைச் சற்று நகர்த்திப் பின்சுவரைக் காட்டச் சொல்லுங்கள். ஈரம் ஊறும் வீடு என்றால் அங்கேதான் கருப்புப் புள்ளிகளாகப் பூஞ்சை முளைத்திருக்கும். புதிதாக வெள்ளை அடித்திருந்தால் கீழ்மூலையில் வண்ணம் உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

வெப்பமும் தரும் ஏசி எந்தெந்த அறையில் இருக்கிறது, மின்கட்டணம் வாடகையில் சேர்த்தியா, சேர்த்தி என்றால் வரம்பு உண்டா என்பதையும் கேளுங்கள். ஸ்பெயினில் ஒவ்வொரு வீட்டுக்கும் இத்தனை கிலோவாட் என்று ஒப்பந்தம் இருக்கும். குறைவாக வாங்கிய வீட்டில் ஹீட்டரும் வாஷிங் மெஷினும் ஒன்றாக ஓடினால் கரண்ட் போய்விடும். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

கேள்வி: ரத்த அழுத்தம், சர்க்கரை, இதயத்துக்கு ஒரு மாத்திரை என்று எனக்குப் பட்டியல் நீளம். நான் போகலாமா?

உங்கள் மருத்துவர் சரி என்றால் தாராளமாகப் போகலாம் அம்மா. ஆனால் இந்தக் கேள்வியை டிக்கெட் எடுத்த பிறகு கேட்காமல் முன்பே கேட்டதற்கு உங்களைப் பாராட்ட வேண்டும்.

கிளம்புவதற்குச் சில மாதம் முன்பே மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். பல பயணக் காப்பீடுகளில், முக்கியமாகக் கனடாவில் விற்பவற்றில், ஏற்கெனவே இருக்கும் நோய் கிளம்பும் தேதிக்கு முன் 90 நாளோ 180 நாளோ மாற்றமில்லாமல் இருந்திருக்க வேண்டும் என்று நிபந்தனை போடுகிறார்கள். கிளம்ப ஒரு மாதம் இருக்கும்போது அழுத்த மாத்திரையின் அளவைக் கூட்டினால் அதுவும் மாற்றம்தான். அளவைக் குறைத்தாலும் மாற்றமாகவே எடுக்கும் நிறுவனங்கள் உண்டு. உடம்பு தேறித்தானே குறைத்தார்கள் என்று நாம் நினைப்போம், அவர்கள் அப்படிப் பார்ப்பதில்லை. அதற்காக, வேண்டிய மாற்றத்தைத் தள்ளிப்போடச் சொல்லி மருத்துவரை வற்புறுத்தாதீர்கள். மாறினால் காப்பீட்டு நிறுவனத்துக்கு உடனே தெரியப்படுத்துங்கள், அவ்வளவுதான். ஒரு பயணத்துக்கு எத்தனை நாள்வரை காப்பீடு என்பதையும் பாருங்கள். 31 நாளோடு முடியும் ஆண்டுக் காப்பீட்டை வைத்துக்கொண்டு மூன்று மாதம் போகக் கூடாது.

பிரிட்டன்காரர்களுக்குக் கிடைக்கும் ஜி.எச்.ஐ.சி. அட்டை ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் அரசு மருத்துவமனைச் சிகிச்சைக்கு உதவும். ஆனால் உடம்புக்கு முடியாமல் ஊருக்குத் திரும்பக் கொண்டுவரும் செலவை அது ஏற்காது. கனடாவில் ஒன்டாரியோ மாகாணத்தவர்கள் பொதுவாக 12 மாதத்தில் 212 நாளுக்கு மேல் வெளியே இருந்தால் மாகாண மருத்துவக் காப்பீட்டுக்கே ஆபத்து.

மருந்துகளை அசல் பெட்டியோடு கைப்பையில் வையுங்கள், பெரிய பெட்டியில் போடாதீர்கள். வணிகப் பெயரை மட்டும் நம்பாமல், மருந்தின் வேதிப்பெயர், மில்லிகிராம், எந்த நேரத்துக்கு என்று ஒரே தாளில் தட்டச்சு செய்து மருத்துவரிடம் கையெழுத்து வாங்குங்கள். வெளிநாட்டு மருந்தாளருக்கு அந்த ஒரு தாள் போதும். நான் கவுன்டருக்கு அந்தப் பக்கம் நின்றவள், அதைக் கொண்டுவந்தவர்களுக்கு எவ்வளவு சீக்கிரம் உதவ முடிந்தது என்று எனக்குத் தெரியும். ஸ்பெயினில் இரவு எந்த மருந்துக்கடை திறந்திருக்கும் என்ற பட்டியலை ஒவ்வொரு மருந்துக்கடையிலும் ஒட்டியிருப்பார்கள். போய் இறங்கிய முதல் நாளே அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கணவர் இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. தனியாகப் போக ஆசை, பயமும் இருக்கிறது. பிள்ளைகள் வேண்டாம் என்கிறார்கள்.

போய் வாருங்கள் அம்மா. முதல் தடவை மூன்று வாரம் போதும். வீடு எடுக்காமல் ஹோட்டலில் தங்குங்கள். காலையில் யாராவது உங்களைப் பார்த்து வணக்கம் சொல்லும் இடமாக இருக்கட்டும்.

ஸ்பெயினின் பெனிடோர்மை உங்களுக்குச் சொல்வேன். பெரிய கட்டடங்கள், கூட்டம், பலர் முகம் சுளிப்பார்கள். ஆனால் ஸ்பெயின் அரசு 1980களிலிருந்து தன் ஓய்வூதியக்காரர்களைக் குறைந்த செலவில் சுற்றுலா அனுப்பும் இம்செர்சோ திட்டத்தால், அங்கே பல ஹோட்டல்கள் குளிர்காலம் முழுவதும் திறந்திருக்கின்றன. சாப்பாட்டுக்கூடத்தில் தனியாக உட்கார்ந்திருக்கும் உங்கள் வயதுக்காரர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். சைப்ரஸின் அயியா நாபா மாதிரி கோடைக்காகவே வாழும் ஊருக்கு மட்டும் ஜனவரியில் போகாதீர்கள். பூட்டிய கடைகளுக்கு நடுவில் தனிமை இரண்டு மடங்காகும்.

பிள்ளைகளிடம் ஹோட்டல் எண்ணையும் காப்பீட்டு எண்ணையும் கொடுங்கள், தினமும் ஒரே நேரத்தில் பேசுங்கள். அவர்கள் பயத்துக்கு அதுதான் மருந்து.

கேள்வி: வருஷா வருஷம் வாடகை கொடுப்பதற்கு ஒரு வீடே வாங்கிவிடலாமா?

இப்போது வேண்டாம். ஒரே ஊரில் இரண்டு குளிர்காலம் வாடகைக்கு இருந்து பாருங்கள். அதற்குப் பிறகும் ஆசை இருந்தால் எழுதுங்கள். வீடு வாங்கினால் அதனாலேயே 90 நாள் விதி மாறிவிடும் என்று தரகர் யாராவது சொன்னால் நம்பாதீர்கள், மாறாது.

கேள்வி: பூட்டிவிட்டுப் போகும் வீட்டை என்ன செய்வது?

உங்கள் வீட்டுக் காப்பீட்டில் ஆள் இல்லாத வீடு என்று ஒரு பகுதி இருக்கும், அதைத் தேடிப் படியுங்கள். பல காப்பீடுகள் 30 அல்லது 60 நாளுக்கு மேல் வீடு காலியாக இருந்தால் சில சேதங்களுக்குப் பணம் தராது. கடுங்குளிர் நாடுகளில் குழாய் உறைந்து வெடித்தால், சில நாளுக்கு ஒருமுறை யாராவது வந்து பார்த்தார்களா என்று கேட்பார்கள். கிளம்பும் அன்று தண்ணீரை மெயின் வால்விலேயே அடைத்து, எல்லாக் குழாய்களையும் திறந்து வடியவிடுங்கள். சாவியை நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து, வந்துபோகும் தேதிகளை ஒரு நோட்டில் குறிக்கச் சொல்லுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கு நீங்கள் போகும் தேதியையும் திரும்பும் தேதியையும் மின்னஞ்சலில் தெரிவித்து, அவர்கள் பதிலை அச்செடுத்து வையுங்கள்.